தவிட்டிலிருந்து எடுத்த ஃபெரூலிக் அமிலம் எங்கே போனது? பங்கசு ஆய்வில் உதவி தேவை

கல்லடி மாணவி:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காக, நெல் தவிட்டில் இருக்கும் ஃபெரூலிக் அமிலத்தை அஸ்பர்ஜிலஸ் நைகர் என்ற கறுப்புப் பங்கசுவைக் கொண்டு வனிலிக் அமிலமாக, அதாவது வனிலா வாசனை தரும் வனிலினுக்கு முந்திய படியாக, மாற்றப் பார்க்கிறேன். தவிடு அக்கரைப்பற்று மில் ஒன்றில் வாங்கியது. அங்கே அது மாட்டுக்குத்தான் போகிறது. அதற்குள் இப்படியொரு பொருள் இருப்பது தெரிந்த நாளிலிருந்து எனக்கு இதிலேயே மனம்.

பிரித்தெடுத்ததில் பிரச்சினை இல்லை. 100 மில்லிலீற்றர் ஊடகத்தில் பங்கசுவை வளர்த்து, மூன்றாம் நாள் 30 மில்லிகிராம் ஃபெரூலிக் அமிலத்தைக் கொஞ்சம் எதனோலில் கரைத்து விட்டேன். பத்தாம் நாள் வடித்து, எதைல் அசற்றேற்று என்ற கரைப்பானால் பிரித்து, கலவையைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் ரி.எல்.சி தட்டில் ஓடவிட்டு, 365 நனோமீற்றர் புறஊதா விளக்கின் கீழ் பார்த்தேன். ஃபெரூலிக்கின் நீலப் புள்ளி கிட்டத்தட்ட இல்லை. புதுப் புள்ளியும் இல்லை. மூன்று தடவை இதே கதை. என்ன பிழை விட்டேன்?

சம்மாந்துறை ரீச்சர்:
தங்கச்சி, பங்கசு போடாத குடுவை ஒன்று பக்கத்தில் வைத்தீர்களா? எதைல் அசற்றேற்று ஊற்ற முன்னம் பி.எச் எவ்வளவு?

கல்லடி மாணவி:
வைக்கவில்லை ரீச்சர். ஊடகத்தில் பி.எச்சை மாறாமல் வைக்கும் பொசுபேற்றுத் தாங்கற்கரைசல் இருக்கிறது. இப்போது அளந்தேன், 6.5.

சம்மாந்துறை ரீச்சர்:
அதுதான். ஃபெரூலிக், வனிலிக் இரண்டும் பி.எச் 4.5 அளவிலேயே அயனாகத் தொடங்கிவிடும். 6.5இல் பெரும்பகுதி உப்பாக நீரிலேயே நிற்கும், எதைல் அசற்றேற்றுக்கு வராது. நீங்கள் ஊற்றிவிட்ட நீர்ப்படையில்தான் உங்கள் பொருள் போயிருக்கும். ஐதரோக்குளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச் 2க்கு இறக்கிய பிறகு பிரித்தெடுங்கள். பங்கசு இல்லாத குடுவையையும் அதே மாதிரிச் செய்யுங்கள். அது இல்லாமல், நீலம் குறைந்தது பங்கசுவாலா, உங்கள் பிரித்தெடுப்பாலா என்று சொல்லவே முடியாது.

பழைய ஆய்வுகூடக்காரன்:
ரீச்சர் சொன்னது சரி. இன்னும் இரண்டு விஷயம், தங்கச்சி. 365இல் ஃபெரூலிக் நீலமாக ஒளிரும், வனிலிக் அப்படி ஒளிராது. 254 நனோமீற்றர் விளக்கில் பாருங்கள். ஒளிர்பொருள் பூசிய தட்டு முழுக்கப் பச்சையாகத் தெரியும், வனிலிக் இருக்கிற இடம் மட்டும் கறுத்து நிற்கும். பக்கத்தில் தூய வனிலிக் அமிலமும் ஒரு புள்ளி வையுங்கள், ஃபெரூலிக்கும் வனிலிக்கும் தட்டில் கிட்டக்கிட்ட ஓடுகிறவை. ஓடு கரைப்பானில் கொஞ்சம் ஃபோர்மிக் அமிலம் சேர்த்தால் புள்ளி வால் விடாது.

அப்புறம், பத்து நாள் மிக நீளம். பங்கசு உங்களுக்காக வனிலிக் அமிலத்தைச் சேர்த்து வைக்காது. அதை மெதொட்சிஐதரோகுயினோன் என்ற வேறு பொருளாகவும் மாற்றும், மூலக்கூறின் வளையத்தை உடைத்துத் தனக்கு உணவாகவும் எடுக்கும். ஃபெரூலிக் விட்ட பிறகு 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சிறு மாதிரி எடுங்கள். கரண்ட் போய்க் குலுக்கி நின்றால் அந்த நேரத்தையும் குறித்து வையுங்கள், ஒட்சிசன் குறைந்தால் இந்த மாற்றம் தளர்ந்துவிடும்.

கல்லடி மாணவி:
ரீச்சர், அண்ணா, செய்து பார்த்தேன்! அமிலமாக்காத பங்கசு இல்லாத குடுவையிலும் நீலம் மங்கல்தான். அமிலமாக்கியதும் பளிச்சென்று வந்தது. பங்கசுக் குடுவையில் 36 மணித்தியால மாதிரியில் நீலம் பாதியாகி, 254இல் தூய வனிலிக்கின் உயரத்திலேயே ஒரு கறுத்த புள்ளி. ஆறாம் நாள் இரண்டும் இல்லை. தட்டை வைத்துக்கொண்டு நிறைய நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதை வனிலின் வரை கொண்டுபோகலாமா? எங்கள் வளவில் வெட்டிய மாங்கட்டையில் செம்மஞ்சள் காளான் ஒன்று தட்டுத்தட்டாக வந்திருக்கிறது.

பழைய ஆய்வுகூடக்காரன்:
போகலாம். 1996இல் பிரான்சில் இதையேதான் இரண்டு படியாகச் செய்தார்கள். நைகர் வனிலிக் வரை, பிறகு பிக்னோபோரஸ் சின்னபாரினஸ் என்ற செம்மஞ்சள் காளான் அதை வனிலினாக ஒடுக்கியது (ஒட்சியேற்றத்துக்கு எதிரான மாற்றம்). வெப்பநாடுகளில் கட்டைகளில் வளர்வது பெரும்பாலும் அதன் உறவான பிக்னோபோரஸ் சங்குவினியஸ். உங்களுடையதும் அதுவாக இருக்கலாம், ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். தூய வளர்ப்பாகப் பிரித்து, இனம் உறுதியான பிறகு தொடங்குங்கள்.

சம்மாந்துறை ரீச்சர்:
நைகரின் கறுப்பு வித்திகள் நெஞ்சுக்குக் கூடாது. குடுவையைத் திறக்கும்போது முகக்கவசம் போடுங்கள், வீச முன்னம் அமுக்க நீராவியில் கொன்றுவிடுங்கள். அடுத்த தட்டின் படத்தையும் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.