எம்.பி.யிடம் "எவ்வளவு?" என்று கேளுங்கள்: ஓஹாயோ அக்காவுக்குப் பதில்

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

ஓஹாயோ அக்கா போன வாரம் குழுவில் எழுதியிருந்தார். இன்சூரன்ஸ் விஷயமாகத் தன் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரின் ஆபீஸுக்குப் போன் போட்டாராம். "ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு, எங்கள் உறுப்பினர் அதில் உறுதியாக இருக்கிறார்" என்று சொல்லி வைத்துவிட்டார்களாம். இதற்கு மேல் என்னதான் கேட்பது என்று ஆற்றாமையோடு முடித்திருந்தார். துபாய் தம்பி அதன் கீழேயே, அத்தனை பணக்கார நாட்டில் வைத்தியத்துக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்டிருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் நியூ ஜெர்சிப் பக்கம் 2017-லும் 2018-லும் நடந்ததைச் சொன்னாலே பாதிப் பதில் வந்துவிடும்.

அமெரிக்காவுக்கு வெளியில் இருப்பவர்களுக்காக முதலில் கொஞ்சம். நம்மூரில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் காசு கேட்க மாட்டார்கள். இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். இங்கே எல்லாமே இன்சூரன்ஸ். வேலை தரும் கம்பெனி வழியாக வந்தால் சரி, சொந்தமாக வாங்க வேண்டும் என்றால் 2014-க்கு முன்பு பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனிக்காரர்கள் உங்கள் நோயைக் கேட்டு மாட்டேன் என்று சொல்லலாம், இல்லை இரண்டு மடங்கு மூன்று மடங்கு வாங்கலாம். ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்லும் 2010 சட்டம் அதை நிறுத்தியது. 2014-லிருந்து நோயைக் காட்டி மறுக்கவும் கூடாது, விலையை ஏற்றவும் கூடாது. வயது, ஊர், புகையிலைப் பழக்கம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஏற்றலாம், வயதுக்கு ஏற்றுவதும் இளவயதுக்காரர் கட்டுவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது.

கிரீன் கார்டில் அப்பா அம்மாவைக் கூட்டிவந்தவர்களுக்கு இந்தச் சட்டத்தின் அருமை தெரியும். 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரைக் காசு கட்டி வாங்கக்கூட அவர்கள் 5 வருஷம் இங்கே தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். விசிட்டர் இன்சூரன்ஸ் பழைய நோய்க்கு உதவாது. என் அம்மாவுக்குச் சர்க்கரை, மதுரையில் ஸ்டென்ட் வைத்தது வேறு. அவர் வந்ததும், இந்தச் சட்டத்தின்படி அமைந்த காப்பீட்டுச் சந்தையில் பாலிசி எடுக்க உட்கார்ந்தோம். ஆஞ்சியோ ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாம் அடங்கிய அந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தில் வயது, முகவரி, வருமானம், விசா விவரம்தான் கேட்டார்கள். கடைசிப் பக்கம் வந்ததும், "நெஞ்சுல வச்சதப் பத்திக் கேக்கலையேப்பா, மறச்சுட்டோம்னு பின்னாடி சொல்லிருவாங்களா?" என்றார். கேட்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் பையை மூடினார்.

அந்தச் சட்டத்தைத்தான் 2017-இல் ரிபப்ளிகன் கட்சிக்காரர்கள் எடுக்கப் பார்த்தார்கள். முதல் முயற்சி மார்ச் 24 அன்று ஓட்டுக்கே வராமல் விழுந்தது. விழுந்ததைத் தூக்கி நிறுத்தியவர் அந்தக் கட்சியைச் சேர்ந்த எங்கள் தொகுதி உறுப்பினர். நியூ ஜெர்சி மூன்றாம் தொகுதி, டாம் மக்கார்தர். இன்சூரன்ஸ் தொழிலிலேயே பெரிய பதவியில் இருந்துவிட்டு 2014-இல் காங்கிரஸுக்குப் போனவர். அதனால் தான் எழுதும் வரிக்கு என்ன பொருள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவர் எழுதிக்கொடுத்த திருத்தம் அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது.

அதில் இருந்தது இதுதான். ஒரு மாநிலம் விரும்பினால் மத்திய அரசிடம் விலக்கு வாங்கலாம். விலக்கு வாங்கிய மாநிலத்தில், 63 நாளோ அதற்கு மேலோ காப்பீடு இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்ப வாங்க வருபவரிடம், முதல் ஒரு வருஷத்துக்கு அவருடைய உடல்நிலையைப் பார்த்து விலை வைக்கலாம். மறுக்கக் கூடாது, ஆனால் விலைக்கு வரம்பு கிடையாது. பிரசவம், மனநல வைத்தியம் போன்றவை பாலிசியில் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற விதிக்கும் மாநிலங்கள் விலக்குக் கேட்கலாம்.

63 நாள் என்பதை நம் கணக்கில் பாருங்கள். அப்பா படுத்துவிட்டார் என்று போன் வருகிறது. லீவு முடிந்த பிறகும் நகர முடியவில்லை, வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே இருக்கிறோம். ஆஸ்பத்திரி, அப்புறம் பதினாறாம் நாள் காரியம், அப்புறம் அம்மாவைத் தனியாக விட முடியாமல் இன்னொரு மாதம். நம் சங்கத்தில் இதைச் செய்யாத குடும்பம் குறைவு. திரும்பி வந்து இறங்கும்போது கையில் வேலையும் இல்லை, காப்பீடும் இல்லை, நமக்கே பிரஷர் வந்திருக்கும். அந்தத் திருத்தம் குறிவைத்தது அப்படிப்பட்ட ஆளைத்தான். லேஆஃப் ஆனவர்கள், பிள்ளை பெற்று வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் இதே கணக்கில் வருவார்கள்.

மக்கார்தர் போன இடமெல்லாம் சொன்னது, யாருக்கும் காப்பீடு மறுக்கப்படாது என்பது. அது பொய் இல்லை. கடையில் அரிசி இருக்கிறது, யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டோம், விலையை மட்டும் கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்து வைப்பார் என்றால் அது எந்த வகையில் பாதுகாப்பு? மக்களுக்குக் கோபம் வந்தது இங்கேதான். அவர் கட்சி ஒபாமாகேரை எதிர்த்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தன் கையாலேயே எழுதியதை மக்களிடம் பாதி மட்டும் சொன்னதை எங்களால் பொறுக்க முடியவில்லை.

மே 4 அன்று மசோதா கீழவையில் 217-213 என்று நிறைவேறியது. நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் இறுதி வடிவத்தைக் கணக்குப் போடும் முன்பே ஓட்டெடுத்துவிட்டார்கள். மே 24-இல் வந்த கணக்கு, 2026-இல் காப்பீடு இல்லாதவர்கள் 2.3 கோடிப் பேர் கூடுதலாக இருப்பார்கள் என்றது. விலக்கு வாங்கும் மாநிலங்களில் நோயாளிகளுக்குக் கட்டுப்படியாகும் முழுமையான பாலிசி கிடைக்காமலே போகலாம் என்பதையும் சேர்த்தே சொன்னது.

ஓட்டுப் போட்ட ஆறாம் நாள், மே 10, மக்கார்தர் வில்லிங்பரோவில் மக்கள் கூட்டம் வைத்தார். உள்ளே இடம் கிடைக்காமல் வெளியே நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். உள்ளே நடந்ததைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். மனைவி மார்புப் புற்றுநோயிலிருந்து மீண்டவர் என்று சொன்ன ஒருவர், தன் குடும்பத்துக்கு இந்த உலகத்திலேயே பெரிய ஆபத்து நீங்கள்தான் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். என் பக்கத்தில் நின்றிருந்த வயதான அம்மா ஒருவர் இன்ஹேலரைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை.

அவரைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. கிட்டத்தட்ட 5 மணி நேரம் நின்று பதில் சொன்னார். அந்தச் சமயத்தில் பல உறுப்பினர்கள் தொகுதிப் பக்கம் தலைகாட்டவே இல்லை. பிறவியிலேயே உடல்நலக் குறையோடு பிறந்து 11 வயதில் இறந்துபோன தன் மகளைப் பற்றியும் பேசினார். பிள்ளையைப் பறிகொடுத்த அப்பாவின் வலியை யாரும் சந்தேகப்படக் கூடாது. எனக்குப் புரியாமல் போனது, அந்த வேதனையை அனுபவித்தவர் எப்படி இந்தத் திருத்தத்தை எழுத முடிந்தது என்பது மட்டும்தான்.

ஜூலை 28 அதிகாலையில் மேலவையான செனட்டில் அந்த முயற்சி 49-51 என்று தோற்றது. ஜான் மெக்கெய்ன், சூசன் காலின்ஸ், லிசா மர்க்கவ்ஸ்கி மூவரும் தங்கள் கட்சியை மீறி ஓட்டுப் போட்டார்கள். சட்டம் பிழைத்தது, ஆனால் எங்கள் தொகுதி மறக்கவில்லை. 2018 நவம்பரில் ஆண்டி கிம் என்ற புதியவர் சுகாதாரத்தை முன்வைத்தே நின்றார். ஓஷன் கவுண்டி மக்கார்தர் பக்கம், பர்லிங்டன் கவுண்டி கிம் பக்கம். எண்ணிக்கை நாள் கணக்கில் இழுத்து, கடைசியில் சுமார் 4,000 ஓட்டில் கிம் ஜெயித்தார். லட்சக்கணக்கான ஓட்டில் 4,000! குடியுரிமை வாங்கிவிட்டு ஓட்டுக்குப் பதியாமலே இருக்கும் நம்மவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிம் இப்போது செனட்டர்.

இனி அக்காவின் இன்றைய கவலை. 2021-இல் கூட்டிக் கொடுத்த ப்ரீமியம் மானியம் 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. 2025 இலையுதிர் காலத்தில் அரசாங்கம் 43 நாள் மூடிக்கிடந்ததே, அந்தச் சண்டையின் மையம் இதுதான். இன்னொன்றை நம் குழுவில் யாரும் பேசிப் பார்க்கவில்லை. கிரீன் கார்டு வாங்கி 5 வருஷம் ஆகாத, வறுமைக் கோட்டுக்குக் கீழே வருமானம் உள்ள பெற்றோருக்கு, மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு) கிடைக்காது என்பதால் பாலிசிக்கு மானியம் கொடுத்துவந்தார்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதையும் 2026 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. தனியாக வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் பெற்றோர் யார் வீட்டிலாவது இருந்தால் இந்த வருஷத்து பில்லை உடனே எடுத்துப் பாருங்கள்.

ஆகவே அக்கா, அடுத்த தடவை போன் செய்யும்போது "பாதுகாப்பு உண்டா" என்று கேட்காதீர்கள். உண்டு என்றுதான் சொல்வார்கள். 62 வயது, சர்க்கரை, இன்ன ஊர், இன்ன வருமானம் என்று ஒரு ஆளைச் சொல்லி, அவர் மாதம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று கேளுங்கள். முடிந்துபோன மானியத்தை நீட்டிக்க உங்கள் உறுப்பினர் ஓட்டுப் போட்டாரா, போடவில்லை என்றால் அதற்குப் பதிலாக எதை ஆதரிக்கிறார் என்று கேளுங்கள். எடுத்தவுடன் ஜிப் கோடு கேட்பார்கள், தொகுதிக்காரர்தானா என்று பார்க்க. தயங்காமல் கொடுங்கள், அப்போதுதான் கணக்கில் எழுதுவார்கள். தெளிவான பதில் வராவிட்டால் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மக்கள் கூட்டம் எப்போது என்பதையும் மறக்காமல் கேளுங்கள். இந்த நவம்பரில் எல்லாத் தொகுதிக்கும் தேர்தல் இருக்கிறது, மழுப்ப அவர்களுக்கும் தைரியம் குறைவாகத்தான் இருக்கும்.

எழுத்தில் வரும் பதிலைக் குழுவில் போடுங்கள். எந்த மசோதா, எந்தப் பிரிவு என்று நானும் பென்சில்வேனியா மாமாவும் உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம். மற்ற மாநிலத்தவர்களும் உங்கள் உறுப்பினரின் பெயரோடு எழுதலாம்.

அன்புடன்,
மேலத்தெரு, இப்போது பர்லிங்டன் கவுண்டி