புதுப்பிப்பு: ஸ்வெல்லர் இழையில் ஒரு திருத்தம், கொஞ்சம் மேற்கோள் கணக்கு

போன வாரம் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் பற்றிப் போட்ட இழையில், அறிதல் சுமைக் கோட்பாட்டின் (ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடிய சுமைக்கு எல்லை உண்டு, கற்பித்தல் அதை மீறக் கூடாது என்பது) 1988 கட்டுரையை மூன்று பேர் சேர்ந்து எழுதியதாகச் சொல்லியிருந்தேன். தப்பு. அது அவர் தனியாக எழுதியது. மூவர் எழுதியது 1998-இல் வந்தது: சிட்னியிலிருந்து ஸ்வெல்லர், நெதர்லாந்திலிருந்து வான் மெரியன்பூர், பாஸ். அதே மூவரும் 2019-இல் ‘20 ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று தொடர்ச்சியும் எழுதினார்கள். இவ்வளவு காலம் நிலைத்த கூட்டு அபூர்வம்.

‘ஸ்வெல்லரின் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு?’ என்று நாலு பேர் கேட்டீர்கள். எண்ணைச் சொல்வதற்கு முன் அது என்ன என்று பார்க்க வேண்டும். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று அளக்க, 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு அது. எண் 40 என்றால், 40 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 40 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்க வேண்டும். 1988 கட்டுரையை எத்தனை ஆயிரம் பேர் காட்டினாலும் இதில் அது ஒன்றுதான்! மேற்கோள்களை எண்ணித் தரும் தளங்களில், கூகுள் ஸ்காலரில் ஆய்வேடுகளும் சேருவதால், வெப் ஆஃப் சயின்ஸைவிட எண்ணிக்கை பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்ததற்கு என் கைடு சிவப்பு மையில் சுழித்துத் தந்தார்.

எனக்குப் பிடித்தது என்னவோ ஸ்வெல்லர் 1985-இல் கூப்பர் என்ற ஆய்வாளருடன் எழுதிய கட்டுரைதான். இயற்கணிதத்தில் படிப்படியாகத் தீர்த்த கணக்குகளைக் காட்டினால், தானாகப் போட்டுப் பழகுவதைவிடக் குறைந்த நேரத்தில், அதே மாதிரிக் கணக்குகளைப் பிள்ளைகள் நன்றாகப் போடுகிறார்கள். என் ஒன்பதாம் வகுப்புக்கு நாளை அப்படி இரண்டு கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்.