சிறைக்குள்ளே அரிச்சந்திர நாடகம் போட்ட கதை

தமிழ்நாட்டில் ஒரு மத்தியச் சிறையில் நண்பர்களோடு சேர்ந்து சில மாதம் எழுத்து, நாடகப் பயிற்சி நடத்தினேன். எந்த ஊர் என்பது வேண்டாம், உள்ளே இருப்பவர்களுக்கு அது சங்கடம். "பயமா இல்லையா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்களுக்கு இருந்த ஒரே பயம், நடிகர் நாளைக்கு இருப்பாரா என்பதுதான். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் 75 சதவீதத்துக்கு மேல் விசாரணைக் கைதிகள். இன்று வசனம் பேசியவருக்கு நாளை வாய்தா இருக்கும், ஜாமீன் கிடைத்தால் ஒரேயடியாகக் கிளம்பிவிடுவார். எங்கள் விசுவாமித்திரர் அப்படித்தான் போனார். பிளாக்கே கைதட்டி அனுப்பியது, நாங்களும் தட்டினோம், ஆனால் அடுத்த வாரம் நாடகம்!

அப்புறம்தான் தெருக்கூத்துப் பக்கம் போனோம். கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கோமாளி, கட்டியங்காரன், இருந்தால் எந்த ஓட்டையையும் அடைத்துவிடலாம், ஆள் வரவில்லை என்றால் அதையே கிண்டலடித்துக் கதையை நகர்த்திவிடுவார். அந்த வேடத்துக்கு ஆயுள் தண்டனையில் இருந்த ஒருவரைப் போட்டோம். "அவரு எங்கயும் போக மாட்டாரு சார்" என்று ஒரு வார்டர் சொன்னார், அந்த நடிகரே அதற்குச் சிரித்தார். தண்டனைக் கைதிகளையும் விசாரணைக் கைதிகளையும் தனித்தனியாகத்தான் வைப்பார்கள் என்பதால், ஒன்றாக ஒத்திகை பார்க்க அனுமதி வாங்கியது தனிக்கதை.

அரிச்சந்திரனை அவர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். நான் மயான காண்டத்தில் அழுகை வரும் என்று நினைத்திருக்க, அவர்கள் பிடித்துக்கொண்டது சந்திரமதி வழக்கை. காசி ராஜாவின் குழந்தையை அவள் கொன்றதாகப் பொய்ப் பழி, உடனே தலையை வெட்ட உத்தரவு. "சாட்சி விசாரிக்கல, வக்கீல் வைக்கல, ஒரு வாய்தாகூட இல்லாம தீர்ப்பா?" என்று ஒருவர் கொதித்துவிட்டார். சரி, எழுதுங்கள் என்றோம். எழுதி வந்தது முழுநீளக் கோர்ட் காட்சி, குறுக்கு விசாரணையெல்லாம் அச்சு அசலாக. மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தே பழகிய ஆள் என்பதால் சந்திரமதியின் வசனம்கூட "கனம் நீதிபதி அவர்களுக்கு" என்றுதான் ஆரம்பித்தது, நாங்கள் அதை மாற்றவில்லை. நீதிபதி வேடத்துக்கு மட்டும் ஏக அடிதடி (பேச்சில்தான்).

சேலைக்கு அனுமதி கிடைக்கவில்லை, கயிறாகிவிடுமாம், அதனால் சந்திரமதிக்குத் துண்டுதான். ஒட்டுத்தாடியை நாடகம் முடிந்ததும் எண்ணித் திருப்பித் தரவேண்டும். மாலையில் கைதிகளைத் தலை எண்ணும் நேரம் வந்தால் எந்த உச்சக் காட்சியானாலும் நிறுத்தவேண்டியதுதான்.

மைசூரில் ரங்காயணம் நாடகக் குழுவின் நடிகர் ஹுலுகப்பா கட்டிமணி கைதிகளை வைத்து ஷேக்ஸ்பியர் நாடகமே போட்டார், காவலோடு வெளியூர் மேடைகளுக்கும் கூட்டிப்போனார். எங்களுக்கு அந்த அளவுக்கு வாய்க்கவில்லை. கொல்கத்தாவில் நடனக் கலைஞர் அலோகானந்தா ராய் தாகூரின் வால்மீகி கதையைக் கைதிகளோடு மேடையேற்றியதும் பெரிய வேலைதான், ஆனாலும் கொள்ளைக்காரன் திருந்தும் கதையை நாமாக அவர்கள் கையில் கொடுப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அவர்களே கேட்டால் வேறு விஷயம்.

*

நான் பெண்கள் சிறையிலும் எழுத்து வகுப்பு எடுத்திருக்கிறேன். ஆறு வயது வரை பிள்ளைகள் அம்மாவோடு உள்ளே இருக்கலாம் என்பதால் பாதி வகுப்பு அவர்கள் சத்தத்தில்தான் ஓடும். சொந்தக் கதையை எழுதச் சொன்னால் யாரும் பேனாவைத் தொடவில்லை. வீட்டில் விட்டுவந்த ஏதாவது ஒன்று உங்களுக்குக் கடிதம் போட்டால் என்ன எழுதும் என்று கேட்டதும் கொட்டிவிட்டார்கள். ஒரு அக்காவின் ஆடு எழுதியிருந்தது: "உன் வக்கீல் பீஸுக்கு என்னை வித்துட்டாங்க, நீ சீக்கிரம் வந்தாலும் நான் இருக்க மாட்டேன்." இப்படி வகுப்பு எடுக்கப் போனால், நோட்டையெல்லாம் ஆபீசில் படிப்பார்கள் என்பதை முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள். சொன்னால் எழுதமாட்டார்களோ என்று யோசித்தேன், கிண்டல்தான் கூடியது. ஆட்டுக் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டியதே ஜெயிலரம்மாதான்.