டிஸ்க் பிரேக் கிழித்ததாம், அதுவும் இடது காலை!

மேடேறி: அமெச்சூர் சைக்கிள் பந்தயத்தில் எதிர்பாராத ஆபத்து எது என்று கேட்டதற்கு ஒற்றைக்கியர் நேற்று எழுதிய பதில் இது: "கடைசி வளைவில் முன்னால் போனவர் திடீரென்று பிரேக் பிடித்தார். நான் விழவில்லை. ஆனால் அவருடைய டிஸ்க் ரோட்டர், அதாவது பிரேக்கின் வட்ட உலோகத் தட்டு, என் இடது கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. அமெச்சூர்களுக்கு டிஸ்க்கைத் தடை செய்ய வேண்டும்." ஐயா, ரோட்டர் இருப்பது சைக்கிளின் இடது பக்கம். அந்தப் பக்கமாக நீங்கள் ஒட்டிப் போனால் அதற்குப் பக்கத்தில் வருவது உங்கள் வலது கால். இடது கால் எந்த வழியாகப் போனது?

ஒற்றைக்கியர்: காயம் என் காலில். பாடம் நீங்கள் எடுக்கிறீர்கள். 2016 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் தொழில்முறை வீரர் வென்டோசோவுக்கு நடந்ததும் இதுதான். அவரும் கீழே விழவில்லை. முன்னால் இருந்தவரின் சைக்கிள் பின்பக்கத்தில் கால் பட்டது, எலும்பின் மேல் சவ்வு தெரிந்தது. அவருக்கும் இடது கால்! சில நாட்களில் சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ, பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை அனுமதித்துப் பார்க்கும் சோதனையையே நிறுத்தி வைத்தது. அவர்கள் எல்லாம் ஏமாளிகளா?

மேடேறி: நிறுத்தினார்கள், அப்புறம் ரோட்டர் விளிம்பை மழுக்கச் சொல்லி மறுபடி விட்டார்கள். 2018-ல் முழு அனுமதியே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பாதியை விழுங்கிவிட்டீர்களே! அவர் காலைப் பற்றியும் அப்போதே இதே கேள்வியைக் கேட்டார்கள். எந்தக் கால்?

பின்காற்று: 'எதிர்பாராத ஆபத்து' என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்வோமா? கருவியா, சாலையா, பக்கத்தில் ஓட்டுபவரா? 2007 டூர் டி பிரான்ஸில் சாண்டி கசார் என்ற வீரர் நாய் மேல் மோதி விழுந்தார், எழுந்து அன்றைய கட்டத்தையே ஜெயித்தார். நாயை எந்த விதியில் தடை செய்வீர்கள்?

மேடேறி: நாய்க்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கால்.

சங்கிலிச்சத்தம்: முன்னவரின் வலது பக்கமாக ஏறியிருந்தால் இடது காலுக்குப் பக்கத்தில் இருப்பது செயின்ரிங்கும் (பெடல் பக்கப் பற்சக்கரம்) பின் கேசட்டும் (பின் சக்கரப் பற்சக்கரங்கள்). பல் குத்தியிருக்கும். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

ஒற்றைக்கியர்: பல் பட்டால் கறுப்பு கிரீஸ் ஒட்டும், வரிசையாகப் புள்ளி விழும். எனக்கு இருந்தது ஒரே நேர்க்கோடு, கத்தி வைத்த மாதிரி. கறையே இல்லை.

சங்கிலிச்சத்தம்: மெழுகு போட்ட சங்கிலி என்றால் கறை எங்கிருந்து வரும்? இன்னும் எண்ணெய்க் காலத்திலேயே இருக்கிறீர்கள்.

மேடேறி: அதேதான். இன்னொன்று, பின் ரோட்டர் சைக்கிள் சட்டகத்தின் கம்பிகளுக்கு உட்புறம் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட கெண்டைக்கால் கம்பிகளுக்கு நடுவே நுழைய வேண்டும். நுழைந்ததா? அதுவும் இடது கெண்டைக்கால்? உண்மையான ஆபத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் முன் சக்கரம் முன்னவரின் பின் சக்கரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் நின்றது. அவர் அரை அடி விலகினாலே போதும், சக்கரங்கள் உரசிவிடும். முன் சக்கரத்தில்தான் சமநிலை இருக்கிறது. அதனால் பெரும்பாலும் விழுவது பின்னால் வருபவர்தான். நீங்கள் விழாதது அதிர்ஷ்டம். அதற்கு ரோட்டரைத் திட்டுகிறீர்கள்.

ஒற்றைக்கியர்: ஓவர்லாப், இந்தச் சக்கரம் தாண்டி நிற்பது பற்றி நீங்களா பேசுகிறீர்கள், தம்பி? போன பந்தயத்தில் பள்ளத்தைப் பார்த்தும் கை காட்டாமல் போனது யார்? பின்னால் மூன்று பேர் டியூப் மாற்றினார்கள்.

மேடேறி: ஸ்பிரின்டுக்கு, அந்தக் கடைசி வேகப் பாய்ச்சலுக்கு முன்னால் ஹேண்டில்பாரை விட்டுவிட்டுக் கை காட்டுவதா? வாயால் கத்தினேன். காதில் இயர்போன் மாட்டியிருந்தவருக்கு எப்படிக் கேட்கும்?

ஒற்றைக்கியர்: இயர்போனா? நிரூபியுங்கள்.

மேடேறி: முதலில் நீங்கள் காலை நிரூபியுங்கள்.

பின்காற்று: பந்தயத்தில் இயர்போன் போட்டாரா? அதுதானே நிஜமான ஆபத்து? இதை யாரும் பேச மாட்டீர்களா?

மேடேறி: பேசலாம், அவர் கால் விஷயத்துக்குப் பதில் சொன்ன பிறகு. இடதா, வலதா? ஒரு வார்த்தை போதும்.

ஒற்றைக்கியர்: இடது. நூறு தடவை கேட்டாலும் இடது.

மேடேறி: அப்படியென்றால் செயின்ரிங். நூறு தடவை சொன்னாலும் செயின்ரிங்.

சங்கிலிச்சத்தம்: மெழுகு போட்ட செயின்ரிங்.

ஒற்றைக்கியர்: உங்கள் மெழுகு ஒரு மழைக்குத் தாங்குமா? நனைந்த மறுநாளே கீச்கீச் என்று கத்துகிறது.

சங்கிலிச்சத்தம்: சங்கிலியைச் சுத்தம் செய்யாமல் அதன் மேலேயே மெழுகை ஊற்றினால் கத்தத்தான் செய்யும். முதலில் பழைய எண்ணெயைக் கழுவுங்கள், அப்புறம் பேசுங்கள்.