புதுப்பிப்பு: அடிக்கடி ஓடி நிற்கும் பிரஷர் பம்ப்

எந்தக் குழாயையும் திறக்காதபோதும் எங்கள் மொட்டைமாடி பிரஷர் பம்ப் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடி நிற்கிறது என்றும், குழாயைத் திறந்தால் சில நொடிகளுக்கு ஒருமுறை அவ்வாறு ஆகிறது என்றும் முன்பு எழுதியிருந்தேன். பிரஷர் சுவிட்சை (நீரின் அழுத்தத்தைப் பொறுத்து பம்பை இயக்கி நிறுத்தும் பாகம்) மாற்றச் சொன்னார்கள். நல்லவேளையாக வாங்கவில்லை, ஏனெனில் இருந்தவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

வீட்டுக்குள் செல்லும் கேட் வால்வை மூடியபின் அரை மணி நேரம் பம்ப் ஓடவேயில்லை. ஆகவே கசிவு வீட்டுக்குள்தான். தேடியபோது கழிவறை ஃப்ளஷ் டேங்கிலிருந்து நீர் சத்தமின்றி இறங்கிக்கொண்டிருந்தது. வாஷரை மாற்றினேன்.

அடுத்தது, குழாயைத் திறந்தால் சில நொடிகளுக்கு ஒருமுறை ஓடி நிற்பதற்குக் காரணமான பிரஷர் டேங்க் (ரப்பர் பையால் பிரிக்கப்பட்ட நீரும் காற்றும் கொண்டு, குழாயில் அழுத்தத்தைத் தாங்கிவைக்கும் சிறு தொட்டி). மின்சாரத்தை நிறுத்தி, நீரை முழுவதும் வடித்தபின், டயர் காற்றை அளக்கும் மானியை டேங்கின் காற்று வால்வில் வைத்தபோது முள் அசையவில்லை. (வடிக்காமல் அளந்தால் நீரின் அழுத்தத்தையே அது காட்டும், முதல்முறை நான் ஏமாந்தது அப்படித்தான்.) வால்வு ஊசியை அழுத்தியும் நீர் வராததால், உள்ளிருக்கும் ரப்பர் பை கிழியவில்லை, காற்று மட்டுமே குறைந்திருக்கிறது என்று கருதி, பம்ப் 1.5 பார் (அழுத்த அலகு) அழுத்தத்தில் ஓடத் தொடங்குவதால் அதைவிடச் சற்றுக் குறைவாக 1.3 பார் வரை சைக்கிள் பம்பினால் காற்றடித்தேன்.

மூன்று வாரங்களாகத் தொல்லையில்லை. காற்று மீண்டும் இறங்கினால் பையை மாற்ற வேண்டியிருக்கும்.