புதுப்பிப்பு: கண்ணாடி கிடைத்துவிட்டது

புரட்டாதியில் என் மூக்குக்கண்ணாடி தொலைந்துபோனதென்று எழுதியிருந்தேன். கிணற்றடி, கோழிக்கூடு, அரிசிப்பானை என்று தேடச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அது பனங்கிழங்குக்காகப் போட்ட பனம்பாத்திக்குள் இருந்தது!

பனங்கொட்டை அடுக்கி மண் போட்ட அன்று, குனிந்தபோது விழுந்திருக்க வேண்டும். நேற்றுக் கிழங்கு கிண்டும்போது பேரன், "அம்மம்மா, கிழங்கோட கண்ணாடியும் முளைச்சிருக்கு!" என்று கத்தினான். ஒரு கால் வளைந்துவிட்டது, ஆனால் கீறல் இல்லை. நாலு மாதம் மண்ணுக்குள், அதுவும் மாரி மழைக்குள் கிடந்த பொருள்! கழுவிப் போட்டதும் இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஓரத்து மருதமரத்தில் இருந்த கொக்குகூடத் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

கிழங்கும் இந்த முறை நல்ல பருமன். பாதியை அவித்து, உரித்து, இரண்டாகக் கிழித்துப் புழுக்கொடியலுக்குக் காயப்போட்டேன். மற்றப் பாதி அவிக்காமல் காய்கிறது. அது ஒடியல், இடித்து மாவாக்கிக் கூழ் காய்ச்சுவோம். கூழ் கைக்கிறதென்று அன்று கேட்ட தங்கச்சிக்கு: மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, பிழிந்த பிறகு போடுங்கள், கைப்புப் போய்விடும்.

காலையில் காகம் ஒரு கிழங்குத் துண்டைத் தூக்கிக்கொண்டு போனது. அப்புறம் பேரன் தடியோடு பாய்க்குப் பக்கத்தில் காவல் இருக்கிறான்.