ஆயா படித்துச் சொன்ன ஆறு எண்கள்

பள்ளத்தூர்க்காரன்
போன தை மாதம் படைப்புக்காக, முன்னோரைக் கும்பிடும் வீட்டுச் சடங்குக்காக, ஊருக்குப் போயிருந்தேன். தங்கையும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில், அவர்கள் பையன் பத்தாவது, அந்தப் பெரிய வீட்டில் என் அம்மாவும் அவனும் மட்டும். வீட்டின் உள்கட்டு வளவுக்குள் சிக்னல் எடுக்காது, சுவர் அவ்வளவு தடிமன், அதனால் ராத்திரி முழுக்க அவன் போன் விளையாட்டோடு முகப்பில்தான். "அடிடா, பின்னாடி வர்றான்டா" என்று கத்துவதெல்லாம் உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள், அதை விடுங்கள்.

மத்தியானம் அம்மா தூண் ஓரமாக உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "ஆயா, உங்க போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்று முகப்பிலிருந்து குரல். அம்மா சுளகைக் கீழே வைத்து, முந்தானையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பையன் தப்பாகக் கேட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஆறும் முடிந்ததும் "சரியாப்பா?" என்று வேறு கேட்டார். நான் ஊஞ்சலில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். கேஸ் புக் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அது விளையாட்டுக்குள் செலவழிக்கிற டைமண்டைக் காசு கொடுத்து வாங்க வந்த ஓடிபி. மூன்று மாதத்தில் 41,000 ரூபாய், எல்லாம் டெபாசிட் வட்டி, பாஸ்புக் பதிந்தபோதுதான் தெரிந்தது. பேங்கில் அம்மா சொன்னாராம், "நான் யாருக்கும் நம்பர் சொன்னதில்லையே, என் பேரனுக்குத்தானே சொன்னேன்." எனக்கு இன்னும் அந்த "சரியாப்பா" காதை விட்டுப் போகவில்லை.

தேவகோட்டை டீச்சர்
ஒன்பதாம் வகுப்பு, கடைசி பெஞ்ச், முதல் பீரியடிலேயே தூங்கிவிடுவான். ஒருநாள் எழுப்பப் பக்கத்தில் போனால், தலை பெஞ்சில் கவிழ்ந்திருக்கிறது, நல்ல தூக்கம், ஆனால் இரண்டு கட்டைவிரலும் அசைகின்றன. இடது விரல் மேலும் கீழும் இழுக்கிறது, வலது விரல் தட்டிக்கொண்டே இருக்கிறது. தோளைத் தொட்டதும் விழித்து என்னைப் பார்த்து, "செத்துட்டேனா மிஸ்?" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

செக்காலை அண்ணன்
பள்ளத்தூர்க்காரரே, கோபப்படாதீர்கள், பையனையே குற்றவாளியாக்கி எழுதியிருக்கிறீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளையை அத்தனை பெரிய வீட்டில் ஒரு வயதான மனுஷியோடு விட்டுவிட்டுப் போனால் அவன் பேச்சுத்துணைக்கு எங்கே போவான்? அந்த விளையாட்டில்தான் நாலு பேர் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். என் மகனும் அப்படித்தான், ஒருநாள் போனைப் பிடுங்கினேன், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போனான், அவ்வளவுதான் என் கதை.

அதனால் சொல்கிறேன், பாதி ஆட்டத்தில் பிடுங்காதீர்கள், அது அவர்களுக்குக் கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பது மாதிரி. ஆட்டம் முடியட்டும், அப்புறம் பேசுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி மாற்றுங்கள், அந்த பாஸ்வேர்டு பெரியவர்களிடம் இருக்கட்டும், ஆயாவின் கார்டை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். நிறைய விளையாடுவதெல்லாம் நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது, அதில் சொல்வது இதுதான்: நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே பெரிதாவது, கெடுதல் தெரிந்தும் விடாமல் ஆடுவது, பொதுவாக ஒரு வருஷமாவது இப்படி இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 14416க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014லிருந்து தனி கிளினிக் இருக்கிறது. முதலில் தங்கையை ஊருக்கு வரச் சொல்லுங்கள்.

கோட்டையூர் தம்பி
அண்ணே, நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் எனக்குத் தனிமை இல்லை. வீடு நிறைய ஆள். அப்படியும் ஆடினேன். 2020 லாக்டவுனில் பப்ஜி, நூறு பேர் இறங்கும் ஆட்டம், முழுசாக ஆடினால் அரைமணி நேரம், நடுவில் நிறுத்தி வைக்கவே முடியாது, அது தெரியாமல்தான் வீட்டில் "கொஞ்சம் நிறுத்திட்டு வாடா" என்பார்கள்.

ஒருநாள் ஐயா, என் தாத்தா, உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டார். "இதோ வர்றேன் ஐயா" என்றேன். கடைசிப் பத்துப் பேரில் இருந்தேன். ஜெயித்தேன் கூட. எழுந்து போனால், ஐயா சுவரைப் பிடித்துப் பிடித்து அவராகவே இரண்டாம் கட்டு வரை நடந்து போயிருக்கிறார். செம்பு உருண்டு கிடக்கிறது, ஆத்தங்குடிக் கல்லில் தண்ணீர், நடுவில் ஐயா வேட்டி நனைய நிற்கிறார், காலை எடுத்து வைத்தால் வழுக்கும் என்று அசையாமல். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "ஆட்டம் முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த செப்டம்பரில் அரசு தடை போட்டது, அக்டோபர் 30ஆம் தேதி சர்வரும் நின்றுபோனது. நானாக நிறுத்தினேன் என்று சொன்னால் பொய். அடுத்த வருஷமே வேறு பேரில் திரும்ப வந்தது, நான் இறக்கிக்கொள்ளவில்லை, ஐயா அதற்குள் இல்லை.

பள்ளத்தூர்க்காரன்
செக்காலை அண்ணே, பையன் மேல் பழி போட நான் எழுதவில்லை. அந்த ஊஞ்சலில் இருந்தது நான். கார்டை எடுத்துவிட்டேன், தங்கை சித்திரையில் வருகிறாள். தம்பி எழுதியதைப் பையனிடம் போனில் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அம்மான், ஆயாகிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?" என்றான். பணம் எங்கே போனது என்று அம்மாவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.